ஏ.சி. அறையில் தரைப் படுக்கை

தம்பி,

உன் நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குத்தான் இன்னும் தெரியவில்லை. எங்கள் நலத்தைக் கேட்டால், குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நடவு நடக்கிறது, நான் பால்வாடி ஆயா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். உன் அப்பா மட்டும் கொஞ்ச நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்காதே. மஸ்கட்டில் உன் கம்பெனி கேம்பில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் யார் கேட்டாலும் படிக்கக் கொடு. உன்னைப் போல இன்னும் சிலர் அங்கே இருப்பார்கள். மிஷன் பள்ளியில் எட்டாவதோடு நின்றவளுக்கு இவ்வளவு வாயா என்று அவர்கள் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

லீவில் வந்த பேராவூரணிக்காரர், உன் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறாரே அவர், ஊருக்குப் போகிற வழியில் பாபநாசத்தில் இறங்கி வீடு தேடி வந்து நீ கொடுத்தனுப்பியதை எல்லாம் கொடுத்தார். வாசனை சோப்பு, லுங்கி, உன் அப்பாவுக்கு டார்ச் லைட், ஒரு கலர் போட்டோ, ஒரு கடிதம். உன் அப்பாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் வழக்கம்போல நான் படித்தேன், அவர் கேட்டார். மஸ்கட்டில் இறங்கிய நாளிலிருந்து சின்னய்யாதான் உன்னைப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். நம் ஊர் மிராசுதாரின் மகன் உனக்கு முன்பே போய் அதே கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பது உன் அதிர்ஷ்டம் என்றும், கம்பெனி தொழிலாளிகள் அறையில் உனக்குக் கொடுத்த கட்டிலை விட்டுவிட்டு அவருடைய அறைக்கே வந்துவிட்டாய் என்றும், அது ஏ.சி. அறை என்றும் எழுதியிருந்தாய். அந்த இடத்தில் உன் அப்பா என்னை நிறுத்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மறுநாள் டீக்கடையில் போய், என் மகன் ஏ.சி. ரூமில் இருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வரியை நான் அவருக்குப் படிக்கவில்லை. கண்ணால் மட்டும் படித்துத் தாண்டிவிட்டேன். அந்த அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் சின்னய்யா படுக்கிறார். இன்னொன்றில் அவருடைய சூட்கேஸும் டேப் ரெக்கார்டரும் இருக்கின்றன. நீ கீழே பாய் விரித்துக்கொள்கிறாய். “ஏ.சி. காத்து தரையிலதான் நல்லா எறங்குதும்மா, கட்டில விடக் கீழதான் சொகம்” என்று எழுதியிருந்தாய். எனக்குக் குமட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, கொல்லைப் பக்கம் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன். ஆடும் மாடும் கூடத் தனக்கென்று போட்ட இடத்தில் படுக்கும். உனக்கென்று ஒருவன் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறான். பேர் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதை விட்டு வந்து ஒரு சூட்கேஸுக்குக் கீழே படுத்துக்கொண்டு அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்திருக்கிறாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

போட்டோவையும் பார்த்தேன். நல்ல பளபளப்பான போட்டோ. சின்னய்யா கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஸ்டீல் நாற்காலி ஒன்று காலியாகக் கிடக்கிறது. நீ அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். உன்னைக் கீழே உட்காரச் சொல்லி அவர் வாய் திறந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. யாரும் சொல்லாமலே உன் கால் தானாக மடங்கியிருக்கிறது. உன் தாத்தா ‘ஆண்டே, ஆண்டே’ என்று சொல்லிச் சொல்லி மடக்கின கால். கடல் தாண்டியும் அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாய்.

அவர் உன்னிடம் நண்பன் மாதிரி பழகுகிறார் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். சின்ன வயதில் அவர் கான்வென்ட் பஸ்ஸுக்குப் போகும்போது உன்னைக் கூப்பிட்டுப் புத்தகப் பையைச் சுமக்கச் சொல்வார். உன் பள்ளிக்கூடம் அதற்கு எதிர்த்திசையில் இருந்தது. பஸ் நிறுத்தம் வரை சுமந்து கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடிவந்து, பள்ளிக்கு நேரமாகி வாத்தியாரிடம் அடி வாங்குவாய். ஒருநாள் அவர் கடித்துவிட்டுக் கொடுத்த மாம்பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சின்னய்யா எனக்கே எனக்குக் கொடுத்தார் என்று காட்டினாய். நான் பிடுங்கிச் சாணிக் குழியில் எறிந்தேன். நீ அழுதாய். பழம் போனதற்காக அழுகிறாய் என்று நினைத்தேன். அவர் கொடுத்ததை எறிந்துவிட்டேனே என்று அழுதிருக்கிறாய் என்பது இப்போதுதான் புரிகிறது. நட்பு என்றால் என்ன என்று ஒரு வழியில் கண்டுபிடிக்கலாம், தம்பி. நீ துவைக்கிற துணியில் அவருடைய ஜட்டி இருக்கிறதா? இருக்கிறது என்று பேராவூரணிக்காரர் சொன்னார். அவர் துவைக்கிற துணியில் உன்னுடையது என்றைக்காவது இருந்ததா? அவ்வளவுதான் கணக்கு.

அந்த மனிதரை நான் லேசில் விடவில்லை. காபி கொடுத்து உட்காரவைத்து, மஸ்கட்டில் புதிதாக வருகிறவன் எப்படிக் காலூன்றவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சங்கடம். முதலில் நான் கேட்டது, சின்னய்யா நினைத்தால் உன்னை ஊருக்குத் திருப்பி அனுப்ப முடியுமா என்பது. அவர் சிரித்தார். “விசா கம்பெனி குடுத்ததும்மா. சூப்பர்வைசரால ஆள அனுப்ப முடியாது. வேணும்னா வெயில் சைட்டுக்கு மாத்திவிடுவான், ரிப்போர்ட் மோசமா எழுதுவான். அதுக்கு மேல கேம்ப் பாஸ், மேனேஜர்னு ஆளுங்க இருக்காங்க. இவனே அங்க சம்பளக்காரன்தான்” என்றார். இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு லேசானது. அதே நேரம் உன் மேல் கோபம் இரட்டிப்பானது. அவரும் சம்பளக்காரர், நீயும் சம்பளக்காரன். மேலே ஒரு அரபிக்காரன் இருவரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறான். இதைத் தெரிந்துகொள்ள நீ யாரையும் கேட்கவே இல்லை. பண்ணை வீட்டு வாசலில் தெரிந்துகொண்டதே உனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

ஆகையால் நான் கேட்டறிந்ததை எழுதுகிறேன், கவனமாகப் படி. பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் இருக்கும், அது அங்கே வழக்கமாம். ஆனால் பத்தாக்கா என்று ஒரு அட்டை கொடுப்பார்களாம், அடையாளத்துக்கு. அது உன் சட்டைப் பையில் இருக்கவேண்டும். உன்னுடையது சின்னய்யாவின் சூட்கேஸில் பத்திரமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். இன்றைக்கே வாங்கு. கேட்பதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. என் அட்டையைக் கொடுங்கள் என்று சொன்னால் போதும். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு ஒரு நகல் எடுத்துப் பெட்டியில் வை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த ஒருவரைப் பிடித்துத் தமிழில் சொல்லச் சொல். அது மலையாளத்துப் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னால் புரியும். இந்தி கற்றுக்கொள், அரபியில் எண்களும் நாள்களும் வேலைச் சாமான்களின் பெயரும் கற்றுக்கொள். மொழி தெரியாதவன்தான் இன்னொருவனை வாயாக வைத்துக்கொள்கிறான். நம் ஊரில் இந்தியை எதிர்த்து ரயில் நிலையப் பலகையில் தார் பூசினார்களே என்று கேட்காதே. தார் பூசச் சொன்னவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று போய்ப் பார்.

சாப்பாட்டு விஷயம். அவருக்கு நீ சமைக்கிறாய், அவர் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறாய். காய்கறி மிச்சம், செலவு மிச்சம் என்று எழுதியிருக்கிறாய். நானும் உன் அத்தையும் மிராசுதார் ஐயா வீட்டு விசேஷங்களில் பந்தி முடிகிற வரை கொல்லையில் பாத்திரத்தோடு நின்றிருக்கிறோம். கடைசிப் பந்தி எழுந்த பிறகு, அண்டாவின் அடியில் ஒட்டினதைச் சுரண்டி ஊற்றுவார்கள். சாம்பாரும் பாயசமும் ஒன்றாகக் கலந்து விழும். அந்த வாடை எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்கார்ந்தாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்தச் சோறு உனக்கு வேண்டாம் என்றுதான் உன்னை ஐ.டி.ஐ.க்கு அனுப்பினோம். அங்கே தொழிலாளிகள் சேர்ந்து மெஸ் வைத்திருக்கிறார்களாம், முறை வைத்துச் சமைப்பார்களாம். அதில் சேர். உனக்குப் பிடித்த குழம்பு கிடைக்காது, ஆந்திராக்காரன் முறை வரும்போது வயிறு எரியும். எரியட்டும். உன் முறை வரும்போது நீ சமைத்ததை அவர்களும் சாப்பிடுவார்கள். உன்னோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

தமிழ்க்காரர்கள் கூடினால் முதலில் எந்த ஊர் என்பார்கள். சொன்னால், அந்த ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். கோயில் பக்கமா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா என்று சுற்றி வளைப்பார்கள். மேடையில் ஏறினால் நாமெல்லாம் தமிழர் என்பார்கள், இறங்கினால் எந்தத் தெரு என்பார்கள். நீ தயங்கித் தலையைச் சொறியாதே. காலனித் தெரு என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார். முகம் மாறாதவனோடு பழகு. மாறினவன் நல்லவனாகக்கூட இருக்கலாம், ஆனால் அவன் திருந்துகிற வரைக்கும் காத்திருக்க உனக்கு என்ன தலையெழுத்து?

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் சம்பளத்தைச் சின்னய்யா தன் பணத்தோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார், அதனால் உனக்கு பாங்குக்கு அலையும் வேலை இல்லை என்று நீ சந்தோஷப்படுகிறாய். அது எங்களுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று உனக்குத் தெரியாது. நான் ஐயா வீட்டுக் கொல்லைப்புறம் போய் நிற்கவேண்டும். காரியஸ்தர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருவார். ஒருமுறை, “வந்ததுதான் வந்த, அந்த உளுந்தக் கொஞ்சம் பொடச்சுக் குடுத்துட்டுப் போயேன்” என்றார். புடைத்துக் கொடுத்தேன், தம்பி. என் மகன் சம்பாதித்ததை வாங்க, பண்ணையை விட்டு வெளியே வந்து எத்தனையோ வருஷம் ஆனபிறகு, அவர்கள் உளுந்தைப் புடைத்தேன். தூசி தொண்டையில் இறங்கும்போது, உனக்கு நல்ல துணை கிடைத்ததே என்று முதலில் நிம்மதிப்பட்ட என்னை நினைத்தே எனக்குக் கசந்தது. உன் பெயரில் அங்கே பாங்கில் கணக்குத் தொடங்கி, டிராஃப்ட் எடுத்து, பதிவுத் தபாலில் என் பெயருக்கு அனுப்பு. வழி தெரியவில்லை என்றால் பேராவூரணிக்காரரைக் கேள், அவர் கூட வந்து காட்டுகிறேன் என்றிருக்கிறார்.

அவர் வந்துபோன அதே வாரம் காரியஸ்தர் நம் வீட்டுக்கு வந்தார். நம் வீடு இருக்கிற மனை ரோட்டை ஒட்டி இருக்கிறது, அதற்குப் பின்னால் ஐயா புதிதாகக் கட்டுகிற அரிசி ஆலை. லாரி போக நம் மனைதான் வழி. அதை விட்டுக்கொடுத்தால் வாய்க்கால் கரையில் வேறு இடம் தருவார்களாம். நான் பால்வாடியில் இருந்த நேரம் பார்த்து உன் அப்பாவிடம் பேசியிருக்கிறார். மகன் அங்கே சின்னய்யா தயவில் இருக்கிறான், இது நினைவிருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மிரட்டல் என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு பக்குவமான பேச்சு. நம் உரிமையை விட்டுக்கொடுத்து எழுத வேண்டிய தாளுக்குப் பெயர் விடுதலைப் பத்திரமாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு எச்சில் ஊறியது, துப்பினேன்.

அந்த மனை நமக்கு எப்படி வந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கூலியைக் கூட்டிக் கேட்டு அறுப்பை நிறுத்தின வருஷம், ஐயா வெளியூர் ஆள்களை லாரியில் கொண்டுவந்து போலீஸ் காவலோடு அறுத்தார். குறுக்கே போய் வரப்பில் படுத்தவர்களில் உன் அப்பாவும் ஒருவர். அடித்து வேனில் ஏற்றித் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அவர் ஜெயிலில் இருந்தபோதுதான், குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்து, தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து வீடு வீடாக எழுதினார்கள். அந்தச் சட்டம் போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அது நல்ல காரியம். ஆனால் எழுத வந்த கர்ணம், ஆம்பளை இல்லாத வீட்டை எப்படி எழுதுவது என்று தாண்டிப் போகப் பார்த்தார். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். கூட வந்த சின்ன வயது அதிகாரி, இந்த அம்மா பேரையே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் பட்டா என் பெயரில் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு அவர்களுக்கு உன் அப்பா கையெழுத்து போதவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் தெரிந்துகொள். அதுவரை வேறு கட்சியில் இருந்த ஐயா, ஆட்சிக்கு வந்த கட்சியின் கரை போட்ட வேட்டிக்கு மாறினார். ஆட்சி மாறினதும் கரையும் மாறியது. பட்டா கொடுக்கிற விழாவுக்கு வந்த மந்திரி, நம் தெரு முனையில் மேடை போட்டு, இனி இங்கே ஆண்டையும் இல்லை அடிமையும் இல்லை என்று தொண்டை கிழியப் பேசினார். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம். பேசி முடித்துக் காரில் ஏறி நேரே ஐயா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அந்தச் சாப்பாட்டுக்கு வாழை இலை அறுத்துக் கொடுத்தது நம் தெரு ஆள்கள். எவனையும் நம்பாதே என்று சொல்லவில்லை. யார் எங்கே போய்ச் சாப்பிடுகிறான் என்று பார்த்துவிட்டு நம்பு.

உன் அப்பா கையெழுத்துப் போடச் சொல்லி என்னைக் கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். போலீஸ் தடிக்கு வளையாத மனிதர், பையன் பிழைப்பு, பையன் பிழைப்பு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஐயாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், கொல்லைப்புறமாகப் போய், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்ததாக நடவுக்குப் போன பெண்கள் வந்து சொன்னார்கள். எனக்கு அவர் மேல் வந்தது கோபமா இரக்கமா என்று தெரியவில்லை. உன்மேல் வந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வரப்பில் படுத்த மனிதரைக் கக்கத்தில் துண்டோடு நிற்கவைத்தது உன் ஏ.சி. அறை.

மறுநாள் நானே போனேன். முன்வாசல் வழியாகப் போனேன். ஐயா ஊஞ்சலில் இருந்தார். கோபமாக எதுவும் பேசவில்லை. “வா. பையன் சொகமா இருக்கானாம். எங்க தம்பி எழுதியிருந்தான். நாய்க்குட்டியாட்டம் கூடவே இருக்கானாம், ஒரு சொல்லு தட்டறதில்லையாம்” என்றார். பாராட்டித்தான் சொன்னார். முகத்தில் அவ்வளவு பிரியம். பிறகு மனையைப் பற்றிப் பேசினார். அந்த இடம் அவர் அப்பா காலத்தில் அவர்கள் கொடுத்ததுதானே என்றார், கொடுத்ததைக் கேட்பதில் தப்பில்லையே என்றார். யோசித்துச் சொல்லு என்று முடித்தார்.

“யோசிச்சுச் சொல்றேன்னு சொல்ல வரலைங்க. முடியாதுன்னு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்” என்றேன். “எம்புள்ள வேலைய கம்பெனி குடுத்துச்சு. எடத்த சர்க்காரு குடுத்துச்சு. ரெண்டுலயும் உங்க வீட்டுக்குப் பாத்தியம் இல்லைங்க. இனிமே அவன் சம்பளம் தபால்ல வரும், நான் இங்க வரமாட்டேன்.”

ஊஞ்சல் நிற்கவில்லை. “அப்ப தம்பிக்கு எழுதிப் போட்டுடறேன்” என்றார், யாரிடமோ சொல்வது போல. வந்த முன்வாசல் வழியாகவே திரும்பினேன். பயமாக இருந்தது. உன்னை நினைத்துத்தான் பயம். வெயில் சைட்டில் உன்னைக் கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று பேராவூரணிக்காரர் சொன்னது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அப்பா, “புள்ள வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே” என்றார். அதோடு பேச்சு நின்றது. நான் போட்ட சோற்றைத் தொடவில்லை. மோட்டார் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார். இப்படியே போனது. நேற்று இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது, உன் பழைய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு வரியைப் படிக்காமல் விட்டேன், இப்போது கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த ஏ.சி. காற்று வரியைச் சத்தமாகப் படித்தேன். செதுக்குகிற சத்தம் நின்றது.

“தரையிலயா படுக்குறான்?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“அங்க வேற கட்டிலு இல்லையா?”

இன்னொரு கட்டில் இருக்கிறது, அதில் அவர் பெட்டி இருக்கிறது என்றேன். அவர் மறுபடி செதுக்க ஆரம்பித்தார். காம்பு வீணாகிப் போகிற அளவுக்குச் செதுக்கினார். பிறகு எழுந்து உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்து, “எழுது” என்றார். “அந்த ரூமே வேணாம்னு எழுது. அவனுக்குன்னு குடுத்த கட்டிலு எங்க கெடக்கோ அங்க போவச் சொல்லு. வேல போனா போவட்டும். அப்பன் சொன்னேன்னு எழுது.” என்னோடு இன்னும் சமாதானம் ஆகவில்லை. சோறு மட்டும் சாப்பிட்டார்.

லீவு முடிந்து பேராவூரணிக்காரர் கிளம்புகிறார், இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஐயாவின் கடிதம் தபாலில் வரும், அதற்குள் நீ முந்திக்கொள்ள வேண்டும். அவர் சின்னய்யாவுக்கு எழுதி, சின்னய்யா உன்னை வெளியே போ என்று சொல்கிற வரை காத்திருந்தால், நீ துரத்தப்பட்டவன். அதற்கு முன் நீயே போனால், நீ உன் அறைக்குப் போனவன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்கு வாழ்நாள் முழுக்க இருக்கும். அட்டையை வாங்கிக்கொள், பாயைச் சுருட்டிக்கொள், உன் தட்டையும் தம்ளரையும் எடுத்துக்கொள். சண்டை போடாதே. என் கட்டிலுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லு. கேம்ப் பாஸிடம் போய் இன்றிலிருந்து என் அறையில்தான் இருக்கிறேன் என்று சொல்லிப் பெயரைச் சரிபார்த்துக்கொள். வெயில் சைட்டில் போட்டால் தலைக்கு ஈரத் துணி கட்டு, தண்ணீரில் உப்புப் போட்டுக் குடி, மயக்கம் வந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடு. உன் அப்பாவும் நானும் சித்திரை வெயிலில் வேலை செய்தவர்கள்தான், வெயில் யாரையும் கேவலப்படுத்தாது. மோசமான ரிப்போர்ட் எழுதினால் மேனேஜரிடம் போய்க் கேள். அங்கே லேபர் ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறதாம், அதன் வாசல் எங்கே என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள். இதையெல்லாம் செய்தும் அனுப்பிவிட்டார்கள் என்றால் வந்துவிடு. கடன்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வராதே.

என்மேல் உனக்குக் கோபம் வரும். அம்மா நம் பிழைப்பைக் கெடுத்துவிட்டாள் என்று தோன்றும். தோன்றட்டும். உன் கோபத்தைத் தாங்கிக்கொள்வேன், உன் சிரிப்பைத்தான் அந்தப் போட்டோவில் தாங்க முடியவில்லை.

கடைசியாக ஒன்று. போன நாளிலிருந்து நீ எழுதிய கடிதங்களை எல்லாம் இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கடிதத்திலும் முதல் வரி, ‘இங்கு சின்னய்யா நலம்’ என்றிருக்கிறது. அதற்குப் பிறகுதான் நீ வருகிறாய். ஊரில் அவரைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர் நலத்தை அவர்களுக்கு அவர் எழுதிக்கொள்வார். நீ என் மகன். அடுத்த கடிதத்தின் முதல் வரியில் நீ இரு. மேலெல்லாம் கொப்புளம் என்றால் அதை எழுது. வேலை போய்விட்டது என்றால் அதையே முதல் வரியாக எழுது. உன் அப்பாவை எதிரில் உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் நான் படித்துக் காட்டுகிறேன்.

உன் அம்மா